12 கிராமில் தொடங்கி 11 கிராமில் நின்ற ரோலர் வேலை

கல்கரியில் இருக்கிற என் மச்சானுக்குப் பனி கொட்டத் தொடங்கினால் வேறு பேச்சு வராது. எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி விடுகிற டர்போ பூட்டின, பனியில் ஓடுகிற 850 சிசி ஸ்னோமொபைல் ஒன்று வைத்திருக்கிறான். வார இறுதியில் அதை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு ரெவெல்ஸ்டோக் மலைப்பக்கம் போய்விடுவான். போன தடவை டர்போவின் அமுக்கத்தைக் கொஞ்சம் கூட்டியிருக்கிறான். எஞ்சின் எல்லை தாண்டிச் சுழலத் தொடங்கிவிட்டது. "கிளட்சுக்குள்ள பாரம் காணாது மச்சான், கூட்டோணும்" என்றான். பலம் கூடினது எஞ்சினுக்கு, பாரம் ஏன் கிளட்சுக்கு என்று கொழும்பு வெள்ளவத்தையில் இருந்துகொண்டு கேட்டது என் பிழை. அரை மணித்தியாலம் விளக்கினான். கடைசியில், "உன்ர ஸ்கூட்டிக்குள்ளயும் இதே சாமான்தான் கிடக்கு, கழட்டிப் பார்" என்று முடித்தான்.

என்னுடையது 125 சிசி ஸ்கூட்டி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 தொடக்கத்தில்தான் திரும்ப விட்டார்கள். அதற்குள் விலைகள் போன போக்கில், புதிது வாங்கும் யோசனையை நானும் மனைவியும் பேசாமலே கைவிட்டுவிட்டோம். ஆகவே 38,000 கிலோமீற்றர் ஓடின அதே ஸ்கூட்டிதான். குறை ஒன்றுதான்: இரண்டு பேராக ராஜகிரிய மேம்பாலம் ஏறும்போது முழுதாக முறுக்கினாலும் முனகுமே தவிர இழுக்காது.

இடது பக்க மூடியைக் கழற்றினேன். முன்னால் ஒரு புலி (பெல்ட் ஓடுகிற கப்பி), பின்னால் ஒரு புலி, நடுவில் பெல்ட். முன் புலிக்குள் ஆறு ரோலர்கள். எஞ்சின் சுழலச் சுழல அவை வெளிப்பக்கம் வீசப்பட்டு ஒரு தட்டைத் தள்ளும். தட்டு நெருங்க பெல்ட் மேலே ஏறும். கியர் மாறுகிற வேலை இப்படித்தான் நடக்கிறது. பின் புலியில் ஒரு பெரிய ஸ்பிரிங் இதற்கு எதிராக நிற்கும். 1958இல் ஒல்லாந்தின் டாஃப் கம்பனி காருக்கே பூட்டின வேலை இது. மச்சான் கிளட்ச் என்று சொல்கிற முன் புலியில் ரோலருக்குப் பதிலாக ஆடுகிற கைகள், அவற்றில் எடை. மற்றபடி தத்துவம் ஒன்றே. எடை கூடினால் எஞ்சின் குறைந்த சுற்றிலேயே மேல் கியர்ப் பக்கம் தள்ளப்படும். எடை குறைந்தால், இன்னும் வேகமாகச் சுழன்ற பிறகுதான் தள்ளும். அவனுக்கு எஞ்சின் அளவுக்கு மீறிச் சுழல்கிறது, ஆகவே கூட்டுகிறான். எனக்குச் சுழலாமல் முனகுகிறது, ஆகவே குறைக்க வேண்டும்.

முனகலைக் காதால் அளக்க முடியாது என்பதால் முதலில் ஒரு மீற்றர் வாங்கினேன். எஞ்சினில் பொறி விடுகிற பிளக்கின் வயரில் நாலு சுற்று சுற்றிவிட்டால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டுகிற மலிவான சாமான். முறுக்கிப் பார்த்தேன்: 12,000! நெஞ்சு ஒரு கணம் நின்றுவிட்டது. பிறகுதான் விளங்கியது. என் எஞ்சின் நாலு ஸ்ட்ரோக், இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி போதும்; என்றாலும் பிளக் ஒவ்வொரு சுற்றுக்கும் பொறி விடுகிறது. மீற்றரோ இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி என்று நினைத்து இரட்டிப்பாக்கிக் காட்டுகிறது. செற்றிங்கை மாற்றினதும் 6,000 என்று ஒழுங்காக வந்தது. கைநூலில் உச்ச பலம் 7,000இல் என்று போட்டிருக்கிறது. நான் ஆயிரம் சுற்றுக் கீழே நின்றுகொண்டு இழுவை இல்லை என்று புலம்பியிருக்கிறேன்.

பஞ்சிகாவத்தைக்குப் போனேன். அங்கே இல்லாத சாமான் இல்லை, ஒரே பெட்டிக்குள் ஒரே எடையில் கிடைக்கிற சாமான்தான் இல்லை. புது 12 கிராம் செட் ஒன்றும், 10, 8 கிராம் செட்டுகளும் வாங்கினேன். நிறுத்துப் பார்க்க வீட்டுச் சமையல் தராசு உதவாது. செட்டியார் தெருவில் நகைக்கடையில் வேலை செய்கிற நண்பனிடம் கொண்டுபோனேன். தங்கம் நிறுக்கிற தராசில் கறுத்த நைலோன் உருளைகளை வைத்ததும் கடை முழுக்கச் சிரிப்பு. 8 கிராம் செட்டைப் பார்த்து, "ஆளுக்கு ஒரு பவுன், மொத்தம் ஆறு பவுன், தாலிக்குக் காணும்" என்றான் நண்பன். பழைய ரோலர்கள் 11.3இலிருந்து 11.8 வரை ஒவ்வொன்றும் ஒரு விதம், ஓரத்தில் தட்டையாகத் தேய்ந்தும் இருந்தன. தட்டையானது உருளாது, சறுக்கும். அதுவும் ஒரு காரணம். புது 10 கிராம் செட்டில் ஒன்று 10.6. அதைக் கொடுத்து மாற்றினேன்.

இப்போது சோதனை. காலை ஐந்தரைக்கு மரீன் டிரைவில் ஆள் நடமாட்டம் தொடங்க முன், ஒரே தூரம், ஒரே ஆள், ஒரே அளவு பெற்றோல். புது 12 கிராமில் 6,000. 10 கிராமில் 6,500. 8 கிராமில் 7,300. பள்ளிக்கூடத்தில் படித்த சூத்திரம் இங்கே வந்து நின்றது எனக்கே ஆச்சரியம். வெளியே வீசுகிற விசை எடையையும் சுழற்சியின் வர்க்கத்தையும் பொறுத்தது. ஆகவே எடையைக் குறைத்தால் சுற்று அதே விகிதத்தின் வர்க்கமூலத்தால் கூடும். 12ஐ 10ஆல் பிரித்து வர்க்கமூலம் எடுத்தால் 1.095, 6,000ஐப் பெருக்கினால் 6,570. மீற்றர் காட்டியது 6,500. 8 கிராமுக்குக் கணக்கு 7,350 என்றது, அதுவும் கிட்டத்தட்டச் சரி.

ஆனால் 8 கிராம் வீட்டுக்கு வந்து சேரும் வரைதான் தாங்கியது. பச்சை விளக்கு விழுந்ததும் பாயும் என்பது உண்மை. பிறகு காலி வீதி முழுக்க தையல் மெஷின் மாதிரிக் கத்திக்கொண்டே வரும். "அயலவர் எழும்பிப் பார்க்கினம்" என்றாள் மனைவி. எனக்குப் பிடித்திருந்தது, ஆனாலும் மீற்றரைப் பார்த்தால் உச்ச பலத்தையும் தாண்டி வீணாகச் சுழல்வது தெரிந்தது. சத்தம் கூடினால் வேகம் கூடினது போல ஒரு மயக்கம். அந்த மயக்கத்தில் எத்தனை பேர் இலேசான ரோலர் போட்டுவிட்டு மகிழ்கிறார்களோ.

இதற்கிடையில் ஒரு மடைத்தனம். ரோலர் லேசாக ஓடட்டும் என்று அதன் பாதையில் கிறீஸ் பூசினேன். என் வண்டியில் அந்த இடம் வரட்டாக இருக்க வேண்டியது. சூட்டில் கிறீஸ் இளகி பெல்ட்டில் பட்டு, இரண்டாம் நாள் பம்பலப்பிட்டியில் முறுக்கினால் எஞ்சின் மட்டும் கத்துகிறது, வண்டி நகரவில்லை. புலி இரண்டையும் ஸ்பிரிட்டால் துடைத்தேன். பெல்ட்டைத் துடைத்து ஏமாற்றலாம் என்று பார்த்தேன், சரிவரவில்லை. புது பெல்ட் வாங்கினதுதான் மிச்சம்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். முன் நட்டை இறுக்குவதற்கு முன் பெல்ட்டைப் பின் புலிக்குள் நன்றாக அமுக்கி, முன்பக்கம் தளர்வாக விடுங்கள். இல்லாவிட்டால் பெல்ட் நடுவில் கவ்வப்படும். நட்டு இறுகினது போலக் காட்டும். ஓட்டும்போது பெல்ட் மேலே ஏற, நட்டு தளர்ந்து தண்டின் பல்லையே தின்றுவிடும். இதை எனக்குச் சொன்னவர் கொட்டாஞ்சேனையில் இருக்கிற ஒரு மெக்கானிக் பாஸ். நான் கவ்வ வைத்துவிட்டு இறுக்கிக்கொண்டு நின்ற நேரத்தில் தற்செயலாக வந்து, "தம்பி, நில்லு" என்றார். புண்ணியவான்.

பின் ஸ்பிரிங்கையும் இறுக்கமானதாக மாற்றிப் பார்த்தேன். ஏற்றத்தில் முறுக்கினால் கியர் சட்டென்று இறங்கி இழுவை வந்தது. ஆனால் சமதரையில் உச்ச வேகம் விழுந்தது, மூடியைத் திறந்து புலியில் கை வைத்தால் மூன்று வினாடி தாங்கவில்லை. கை வைத்துப் பார்ப்பது மச்சான் சொல்லித் தந்த பழக்கம்: தாங்காத சூடு என்றால் பலம் சக்கரத்துக்குப் போகாமல் பெல்ட்டில் எரிகிறது. பழைய ஸ்பிரிங்கே திரும்பப் போனது.

கடைசியில் 10 கிராம் மூன்று, 12 கிராம் மூன்று, ஒன்றுவிட்டு ஒன்றாக. சராசரி 11. மீற்றர் 6,250. கொழும்பின் நின்று நின்று போகிற வாகன நெரிசலுக்கு அது போதும். ராஜகிரிய மேம்பாலத்தில் முனகல் போய்விட்டது.

அந்தத் தெம்பில் பேராதனை, கம்பளை, றம்பொடை வழியாக நுவரெலியா போனோம். கம்பளை தாண்டினதும் 6,250 மெல்ல மெல்லக் கரைந்தது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அமுக்கம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான், எஞ்சினின் பலமும் ஏறத்தாழ அப்படியே குறையும். குளிருக்கு நடுங்கிக்கொண்டு மச்சானுக்குப் போன் எடுத்து, மீற்றர் 5,900இல் நிற்கிறது என்றேன்.

"அங்க போறதெண்டா 10 கிராம் ஆறையும் போட்டுக்கொண்டு போயிருக்கோணும்" என்றான். பிறகு சிரித்தான். "இல்லாட்டி என்னை மாதிரி டர்போ பூட்டு."

10 கிராம் செட்டில் மிச்சம் மூன்றும் இப்போது சீற்றுக்கு அடியில் ஒரு பால்மா டின்னுக்குள் கிடக்கின்றன, ஸ்பனரோடு.