ஏதென்ஸ் நாட்குறிப்பு: குன்றடி வீடுகள்

அக்டோபர் 14, செவ்வாய்

காலை எட்டு மணிக்கே அக்ரோபோலிஸ் குன்றில் ஏறிவிட்டேன். அதற்குள் நல்ல கூட்டம். பார்த்தெனன் கோயில் கி.மு. 447இல் தொடங்கியது என்பதும், 1687இல் வெனிஸ் படையின் குண்டு விழுந்து, அப்போது ஏதென்ஸை ஆண்ட துருக்கியர் உள்ளே சேர்த்து வைத்திருந்த வெடிமருந்து வெடித்துச் சிதறியது என்பதும் முன்பே படித்தவைதாம். நேரில் நின்றபோது உறைத்தது வேறொன்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இந்தக் குன்றின்மேல் ஜனங்கள் குடியிருந்தார்கள். பார்த்தெனனுக்குள்ளேயே ஒரு சிறிய மசூதி இருந்தது. கிரேக்கம் விடுதலை பெற்ற பிறகு, பிற்காலத்தவை என்று எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அகற்றினார்கள். நுழைவாயிலருகே நின்ற இடைக்காலக் கோபுரத்தை 1875இல் இடித்தார்கள். நான் இன்று பார்த்த வெட்டவெளி அப்படி உண்டானது.

அக்டோபர் 15, புதன்

அகோராவிலேயே பகல் முழுவதும் கழிந்தது. சந்தை, வழக்காடும் இடம், ஊர்ப்பேச்சு எல்லாம் சேர்ந்த பழைய ஏதென்ஸின் நடுமுற்றம் இது. எல்லோரும் ஹெஃபைஸ்டஸ் கோயிலுக்கு நடக்க, நான் தென்மேற்கு மூலையில் ஒரு சிறு கல்லைத் தேடிக்கொண்டிருந்தேன். “நான் அகோராவின் எல்லை” என்று அந்தக் கல்லே பேசுவதுபோல் பொறித்திருக்கிறார்கள். நட்ட இடத்திலேயே இன்னும் நிற்கிறது.

அதையொட்டி ஒரு வீட்டின் அடித்தளம். அங்கே தோண்டியபோது செருப்பு ஆணிகளும், வார் கோக்கும் எலும்பு வளையங்களும் கிடைத்தன. ஒரு கிண்ணத்தின் அடிப்பாகத்தில் “சீமோனுடையது” என்ற எழுத்து. சீமோன் என்ற செருப்புத் தொழிலாளியின் பட்டறைக்கு சாக்ரடீஸ் வந்து பேசிக்கொண்டிருப்பார் என்று ஒரு பழைய நூல் சொல்கிறது. அந்தச் சீமோன்தான் இவர் என்று அடித்துச் சொல்ல முடியாது. எனக்கு அந்த ஆணிகளே போதும். பளிங்குத் தூண்களைப் பார்த்து வராத நெருக்கம் அந்த நான்கு வரிக் கற்களைப் பார்த்ததும் வந்துவிட்டது.

ஆனால் சீமோனின் வீட்டைக் காண, வேறு பலருடைய வீடுகள் போயிருக்கின்றன. 1931இல் அமெரிக்க ஆய்வு நிறுவனம் இங்கே அகழாய்வு தொடங்கியபோது, மேலே விரிசாக்கி என்ற குடியிருப்பு இருந்தது. அதை இடித்துவிட்டுத்தான் தோண்டினார்கள். சுமார் ஆயிரம் ஆண்டுப் பழமையான தூய அப்போஸ்தலர் தேவாலயத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். அதன் நிழலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தோண்டியது தவறு என்று சொல்ல மனம் வரவில்லை. விரிசாக்கி மக்களுக்கும் ஓர் எல்லைக்கல்லாவது நட்டிருக்கலாம் என்றுதான் திரும்பத் திரும்பத் தோன்றியது.

அக்டோபர் 16, வியாழன்

பிளாக்காவின் கடைத்தெருக்களை வேகமாகக் கடந்து அனாஃபியோட்டிகாவுக்கு ஏறினேன். விடுதலை பெற்ற கிரேக்கத்தின் முதல் மன்னரான ஒட்டோவின் அரண்மனையைக் கட்ட அனாஃபி தீவிலிருந்து வந்த கொத்தர்களும் தச்சர்களும் குன்றின் வடக்குச் சரிவில் தங்களுக்காகக் கட்டிக்கொண்ட குடியிருப்பு இது. அந்த அரண்மனைதான் இன்றைய நாடாளுமன்றம். தங்கள் தீவில் கட்டுவதைப் போலவே சிறிய வெள்ளைச் சுவர் வீடுகள், ஒருவர் ஒதுங்கினால்தான் மற்றவர் போகக்கூடிய சந்துகள். இதிலும் ஒரு பகுதியை 1950இல் அகழாய்வுக்காக இடித்திருக்கிறார்கள்.

ஒரு பாட்டி வாசற்படித் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஈரம் பட்டதும் தெரிந்த வாசனை எழுந்தது. நம் ஊர்த் திருநீற்றுப்பச்சையின் இனம். நான் குனிந்து முகர்வதைப் பார்த்து ஒரு கிளையைக் கிள்ளிக் கையில் கொடுத்தார். எனக்குத் தெரிந்த ஒரே கிரேக்கச் சொல்லால் நன்றி சொன்னேன்.

அக்டோபர் 17, வெள்ளி

அக்ரோபோலிஸ் அருங்காட்சியகம். குன்றின்மேல் உள்ள எரெக்தியோன் கோயிலின் ஆறு பெண் வடிவத் தூண்களில் ஐந்து இங்கே, ஒன்று லண்டனில். அதற்கான இடத்தைக் காலியாகவே வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் நிற்பதே வேதனையாக இருந்தது, அது இங்கே வந்து சேர வேண்டும்.

இந்தக் கட்டடம் எழுந்த இடத்திலும் ஒரு பழைய குடியிருப்பு கிடைத்தது. அதை அப்புறப்படுத்தாமல் தூண்கள்மேல் கட்டடத்தை உயர்த்தி, கண்ணாடித் தரை போட்டிருக்கிறார்கள். கீழே இறங்கியும் பார்த்தேன். அறைகள், தெருக்கள், கிணறுகள். நேற்றைய கிளை சட்டைப்பையில் வாடியிருந்தது, வாசனை மட்டும் போகவில்லை.