கையை எடுக்க முடியாதவர்கள்

சூடான ஒன்றின் மேல் விரல் பட்டால் கை தானாகப் பின்னுக்கு வந்துவிடும். வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர்களை வடிவமைப்பவனாக என் முதல் சில ஆண்டுகள் இந்த நம்பிக்கையில்தான் ஓடின. வெந்நீர் 75 டிகிரி செல்சியஸில் உள்ளே போகும், 65 டிகிரியில் திரும்பி வரும், இரும்புத் தகடு 70 டிகிரியை ஒட்டி நிற்கும். தொட்டால் சுடும், சுட்டால் விலகிவிடுவார்கள் என்று அந்தப் பக்கமே யோசிக்காமல் இருந்தேன்.

பக்கவாதத்தில் ஒரு பக்கம் செயலிழந்தவருக்கு அந்தக் கை பின்னுக்கு வராது. நீரிழிவால் பாத நரம்புகள் மரத்துப்போனவருக்குச் சூடு பட்டதே தெரியாது. மறதிநோய் முற்றியவர் வலியை உணர்ந்தாலும் அது எங்கிருந்து வருகிறது என்று புரியாமல் அங்கேயே இருந்துவிடுவார். வலிப்பு வந்து விழுந்தவர், தூக்க மருந்தின் மயக்கத்தில் இருப்பவர், எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகும் குழந்தை என்று வரிசை நீளும். முதியவர்களின் தோல் மெலிந்திருப்பதால் காயம் ஆழமாகவும் இறங்கும். ஆறுவதற்கு மாதங்கள் ஆகும்.

பராமரிப்பு இல்லங்களுக்கான ரேடியேட்டர் வேலை எங்கள் குழுவுக்கு வந்தபோதுதான் தீக்காயத்தில் காலத்துக்கு எவ்வளவு பங்கு உண்டு என்று படித்தேன். சூடான பரப்புகளைத் தொடுவது பற்றிய ஐஎஸ்ஓ 13732 என்ற சர்வதேசத் தரநிலையின்படி, வெறும் உலோகத்தில் தோல் ஒரு நிமிடம் பட்டிருந்தால் 51 டிகிரியிலேயே தீக்காயம் வரலாம். பத்து நிமிடம் என்றால் எந்தப் பொருளானாலும் 48 டிகிரி போதும். எட்டு மணி நேரத்துக்கு எல்லை 43 டிகிரி. பிரிட்டனில் மருத்துவமனைகளுக்கும் பராமரிப்பு இல்லங்களுக்கும் மேற்பரப்பின் உச்சவரம்பாக அந்த 43 டிகிரியைத்தான் வைத்திருக்கிறார்கள். எட்டு மணி நேரம் என்பது ஓர் இரவு. கீழே விழுந்து, எழ முடியாமல், குரல் கொடுக்கவும் முடியாமல் ஒருவர் விடியும்வரை கிடக்கும் நேரம் அது.

அந்த எண்ணை உடம்பில் உணர்ந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ஆய்வகத்தில் ஒரு தகட்டை 43 டிகிரியில் நிறுத்தி முன்கையை அதன் மேல் வைத்தேன். முதலில் இதமாக இருந்தது. ஐந்து நிமிடம் போனதும் கையை எடுத்துவிடலாம் என்ற எண்ணம் வந்துகொண்டே இருந்தது. வலி என்று சொல்ல முடியாது, ஆனால் மனம் வேறு எதிலும் நிற்கவில்லை. எடுக்க முடிகிறவன் என்பதால் எடுத்துவிட்டேன்.

எளிய வழி தண்ணீரின் சூட்டைக் குறைப்பது. ஆனால் தண்ணீருக்கும் அறைக்கும் உள்ள வெப்ப வேறுபாடு 50 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு இறங்கினால் ரேடியேட்டர் தரும் வெப்பம் ஏறத்தாழ பாதியாகிவிடும். சிறிய அறையில் இரண்டு மடங்கு பெரிய ரேடியேட்டருக்குச் சுவர் கிடைக்காது; குளிரில் நடுங்கும் முதியவரைப் பாதுகாப்பாக இருக்கிறார் என்றும் சொல்ல முடியாது. அதனால் சூடான பகுதியை உள்ளே வைத்து வெளியே உலோக உறை போட்டோம். கீழ் இடைவெளி வழியாகக் குளிர்ந்த காற்று நுழையும், உள்ளே சூடாகி, மேலே உள்ள கிரில் வழியாக வெளியேறும். உறைக்கும் உள்ளிருக்கும் சூட்டுக்கும் நடுவே ஓடும் அந்தக் காற்றுதான் உறையைக் காக்கிறது.

முதல் மாதிரியில் முகப்பின் நடுப்பகுதி 36 டிகிரிதான் காட்டியது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. மேல் விளிம்பில் உணரியை ஒட்டிப் பார்த்தபோது 47 டிகிரி. தடுமாறும் ஒருவர் பிடிப்பது முகப்பின் நடுவையா? மேல் விளிம்பைத்தானே. கிரில்லை அகலப்படுத்தி, மேல் பகுதியைச் சரிவாக்கி, மூலைகளை உருட்டிவிட்டோம். சரிவில் துணி நிற்காது. துணி மூடாவிட்டால் காற்றும் தடைபடாது. வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் வால்வை உறைக்குள் வைத்தபோது அது அறையை விட்டுவிட்டு உறைக்குள்ளிருக்கும் சூட்டை அளந்து, அறை சூடாகும் முன்பே மூடிக்கொண்டது. அதன் உணரியை மெல்லிய குழாய் வழியே வெளியே கொண்டுவந்த பிறகுதான் அறைகள் சூடாயின.

பொருத்திய முதல் குளிர்காலத்தில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் பார்வையிடப் போனேன். வெப்பமானியும் படிவங்களும் கையில். நான் அளந்த உறைகளில் ஒன்றுகூட 43 டிகிரியைத் தாண்டவில்லை. இரவுப் பணி முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்த பராமரிப்பாளர் ஓர் அறைக்கு என்னை அழைத்துப்போய், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடத்தைக் காட்டினார். “இங்கே தரையில் உட்காருங்கள். இவர் விழுந்தால் இங்கேதான் விழுவார்” என்றார்.

உட்கார்ந்தேன். என் இடுப்புக்குப் பக்கத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், உறையின் கீழ் விளிம்பு. அதற்கும் தரைக்கும் நடுவே இரண்டு செம்புக் குழாய்கள். வெந்நீரை உள்ளே கொண்டுபோகும் குழாயைச் சுற்றி ஒரு பழைய துவாலை. அதன் மேல் மருத்துவ ஒட்டுநாடா, மூன்று சுற்று. அந்தப் பராமரிப்பாளருடைய வேலைதான். துவாலையின் ஓரத்தை விலக்கிக் குழாயில் விரலை வைத்தேன். ஒரு நொடிகூட வைக்க முடியவில்லை.

எங்கள் வரைபடங்களில் அந்தக் குழாய் இரண்டு கோடுகள். ரேடியேட்டர் எங்கள் பொறுப்பு, குழாய் பொருத்துபவர்களின் பொறுப்பு என்று தாளில் பிரித்திருந்தோம். அந்த எல்லைக்கோட்டில் ஒரு மனிதரின் தோள் வந்து படும் என்று எனக்கு உறைக்கவே இல்லை. அது என் தவறு. அவர் கட்டிய துவாலை கீழ் இடைவெளியையும் பாதி மறைத்திருந்ததால் காற்றோட்டம் குறைந்து, அந்த உறை மற்றவற்றைவிட இரண்டு டிகிரி கூடுதலாக, எல்லையின் விளிம்பில் நின்றது. அவரைக் குறைசொல்ல எதுவும் இல்லை. நாங்கள் விட்டுவைத்த ஆபத்தைக் கையில் கிடைத்ததைக் கொண்டு அவர் மூடியிருந்தார்.

அடுத்த வடிவத்தில் குழாய்கள் உறைக்குப் பின்னால், சுவரிலிருந்தே வந்து இணைந்தன. தரையிலிருந்து குழாய் வரும் பழைய கட்டடங்களுக்கு வெப்பக்காப்புப் பூசிய தனி மறைப்பு ஒன்றைச் சேர்த்தோம். அது இல்லாமல் ரேடியேட்டரை விற்பதில்லை என்று முடிவெடுக்க வைப்பதற்குள் அலுவலகத்தில் நீண்ட வாதம் நடந்தது. விலை கூடுகிறது என்றார்கள். துவாலையைப் புகைப்படம் எடுத்து வைத்திருந்தேன். அதைத்தான் காட்டினேன்.

துப்புரவுப் பணியாளர்கள் சொல்லிக்கொடுத்ததும் உண்டு. ஆறு திருகாணிகள் போட்ட உறையை யாரும் திறக்கவில்லை. உள்ளே தகடுகளுக்கு நடுவே தூசி பஞ்சாகப் படிந்து கிடந்தது. நோய்த்தொற்றுக்கு அஞ்சும் இடத்தில் அது சிறிய விஷயமில்லை. இப்போது ஒரே சாவி. முகப்பு கீல்களில் முன்பக்கமாக இறங்கி நிற்கும், ஒருவரே துடைத்து மூடிவிடலாம்.

வெளியிலிருந்து வெப்பத்தை இழுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் வெப்ப விசையியக்கக் குழாய்கள் (ஹீட் பம்ப்) பரவுவதால் தண்ணீரின் சூடு 45, 50 டிகிரிக்கு இறங்கிவிட்டது, இனி உறையே வேண்டாம் என்று இப்போது சிலர் கேட்கிறார்கள். 48 டிகிரியில் பத்து நிமிடம் என்ற கணக்கை அவர்களிடம் சொல்கிறேன். மாதிரி அறைக்கு வரும் இளம் பொறியாளர்களை முதலில் தரையில் உட்காரச் சொல்கிறேன், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே. வரைபடத்தை அதற்குப் பிறகுதான் விரிப்போம்.