இடது பக்கக் குழாய்

மார்ச் 2

அண்ணனின் வண்டியின் பின்புறம் குந்தி உட்கார்ந்து, சைலன்சர் முனைகள் இரண்டையும் இன்றுதான் உற்றுப் பார்த்தேன். உள்ளே விரலை விட்டு எடுத்தால் நகக்கண் வரை கரி. உலர்ந்த, மாவு போன்ற கரிதான். எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. பிசுக்கு இருந்திருந்தால் எஞ்சின் எண்ணெயைக் குடிக்கிறதோ என்று அஞ்ச வேண்டியிருந்திருக்கும். அந்த மட்டில் நிம்மதி.

தொலைபேசி வரவில்லை.

மார்ச் 3

அண்ணன் வருவதற்குள் இரண்டிலும் முகம் தெரிய வேண்டும்.

மார்ச் 5

இரவெல்லாம் ஆறிக் கிடந்த குழாயில் காலையில் கை வைத்தேன். சூடாக இருக்கும்போது தொட்டால் தோல் வெந்துவிடும் என்பது மட்டுமன்று, பாலிஷ் பசையும் தடவிய இடத்திலேயே காய்ந்து பொருக்குத் தட்டிவிடும். முதலில் ஷாம்பு நீரால் மண்ணைக் கழுவினேன். இதற்கென்று தனித் துணியும் தனி வாளியும் எடுத்துக்கொண்டேன். இங்கே துடைத்த துணியால் பெயின்ட்டைத் துடைத்தால் அதில் ஒட்டிய மணலே கோடு போட்டுவிடும். பிறகு துருவை இளக்கும் எண்ணெயை உட்புறம் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, புட்டி கழுவும் பிரஷால் சுழற்றித் தேய்த்தபோது கரி கறுப்புக் குழம்பாக வழிந்தது.

கையுறை இல்லாமல் இந்த வேலையைச் செய்யக் கூடாது. புகைபோக்கி துடைப்பவர்களின் தோலில் வந்த நோய்க்கும் கரிக்கும் தொடர்பு உண்டென்று பெர்சிவல் பாட் என்ற ஆங்கில அறுவை மருத்துவர் 1775ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். அந்த நோயின் பெயரை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை.

மார்ச் 6

வலது முனை பளிச்சென்று ஆகிவிட்டது. இடது முனை மங்கலாகவே இருக்கிறது.

மார்ச் 8

ஒரே பசை, ஒரே மைக்ரோஃபைபர் துணி, ஒரே கை. மூன்று முறை தேய்த்தும் இடது முனையின் கீழ் விளிம்பில் ஊசிமுனை அளவுப் பழுப்புப் புள்ளிகள் அப்படியே இருக்கின்றன. ஒருபுறம் தெளிந்தும் மறுபுறம் ஏன் தெளியவில்லை என்ற எண்ணம் சாப்பிடும்போதும் போகவில்லை, படுத்த பிறகும் போகவில்லை. வாட்டர் பேப்பர் என்னும் உப்புத்தாளை நனைத்துக் கையில் எடுத்தேன். முனை எதனால் ஆனது என்று தெரியாமல் அதைத் தேய்ப்பது அறிவீனம் என்று தோன்றவே திருப்பி வைத்துவிட்டேன். இரும்புக் கம்பளியும் வேண்டாம். எவர்சில்வரில் அதைப் போட்டால் உதிரும் இரும்புத் துகள்கள் கீறல்களில் தங்கித் தாமே துருப்பிடிக்கும். பிறகு நல்ல எவர்சில்வரே துருவேறியதுபோல் காட்டும். சக்கரங்களுக்கென்று விற்கும் அமிலக் கரைசல்களையும் தொடுவதாக இல்லை.

மார்ச் 9

அண்ணனின் பரிசோதனை முடிவு நாளைதான் வரும் என்கிறார்கள். நேற்றும் இதையேதான் சொன்னார்கள்.

மார்ச் 11

காந்தம் வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு வாரமாக ஏன் தோன்றவில்லை! வலது முனையில் வைத்தேன், ஒட்டாமல் கீழே விழுந்தது. இடது முனையில் வைத்தேன், டக்கென்று ஒட்டிக்கொண்டது.

18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கலந்த எவர்சில்வரைக் காந்தம் இழுப்பதில்லை. ஆனால் நிக்கல் இல்லாத எவர்சில்வரை இழுக்கும் என்பதால், ஒட்டியதை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியவில்லை. டார்ச் அடித்து உள்விளிம்பைப் பார்த்தேன். வெங்காயச் சருகு போல மெல்லிய ஓர் ஏடு சுருண்டு எழுந்து நின்றது. அதன் அடியில் செந்துரு. ஐயமே இல்லை, குரோம் முலாம் பூசிய இரும்பு. பகல் வெளிச்சத்தில் இரண்டின் நிறமும்கூட வேறு: இடது முனை சற்றே நீலம் பாய்ந்தது, வலது முனை சற்றே மஞ்சள் சாயல் கொண்ட வெண்மை.

வாட்டர் பேப்பரைப் போடாமல் விட்டது நல்லதாயிற்று. அலங்காரத்துக்குப் பூசும் குரோம் ஒரு மைக்ரான்கூட, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அடியில் இருக்கும் நிக்கல்தான் துருவைத் தடுக்கிறது. முலாம் ஒரு முறை போனால் போனதுதான். எவர்சில்வரோ கீறினாலும் காற்றுப் பட்டதும் தன் மேல் புதிய ஆக்சைடு படலத்தைத் தானே போர்த்திக்கொள்ளும்.

மார்ச் 12

அண்ணனிடம் பேசினேன். உடம்பைப் பற்றி அவர் பேச விரும்பவில்லை. எனக்கும் கேட்கத் துணிவில்லை.

"அண்ணா, இடது பக்க முனையை எப்போதாவது மாற்றினீர்களா?"

"ஒருமுறை பின்னால் வந்த வண்டி இடித்தது. பட்டறையில் அதே முனைதான் என்று சொல்லித்தான் போட்டார்கள்." மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சொன்னார்: "ரொம்பத் தேய்த்துவிடாதே."

அதே முனை என்று சொல்லி வேறொன்றைப் போட்ட அந்தக் கையை நினைத்து இரவு முழுதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

மார்ச் 13

அலுமினியத் தாளைக் கசக்கி, நீரில் நனைத்து, அந்தப் புள்ளிகளின் மேல் மட்டும் அழுத்தாமல் தேய்த்தேன். அலுமினியம் குரோமைவிட மென்மையானது. துருவை எடுக்கும், முலாமைக் கீறாது. சாம்பல் நிறக் கூழ் வந்தது, துடைத்தேன், புள்ளிகள் மறைந்தன. சருகு எழுந்த இடத்தை மட்டும் தொடவில்லை. தொட்டால் இன்னும் உரியும்.

வலது முனையின் பற்றவைப்பை ஒட்டி வைக்கோல் மஞ்சளும் நீலமுமாக ஒரு பட்டை இருக்கிறது. அது அழுக்கன்று. சூட்டில் தடித்த ஆக்சைடு படலத்தில் ஒளி பட்டுத் தெறிக்கும் நிறம்: ஏறக்குறைய 300 டிகிரிக்கு மேல் மஞ்சள், 500ஐத் தாண்டினால் நீலம். பசையால் எடுத்துவிடலாம், அழகாக இருக்கிறது, இருக்கட்டும்.

வண்டிகளுக்குப் பளபளப்பேற்றப் பூசும் கார்னோபா மெழுகு 80 டிகிரிக்குச் சற்று மேலேயே உருகிவிடும் என்பதால், சக்கரங்களுக்குரிய சூடு தாங்கும் பூச்சை இரண்டிலும் தடவினேன்.

மார்ச் 14

விடியுமுன் அழைப்பு வந்தது. உடனே வரச் சொன்னார்கள்.

வண்டியைக் கிளப்பிவிட்டுப் பின்னால் வந்து பார்த்தேன். இரண்டு முனைகளிலிருந்தும் நீர் சொட்டியது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் பிறக்கிறது. குளிர்ந்த குழாயில் அது இப்படித்தான் திரளும், பயப்பட ஒன்றுமில்லை. இடது முனையில், சருகின் அருகே, ஒரு துளி பழுப்பாகத் தொங்கியது. துணியைத் தேடி எடுத்துத் துடைத்துவிட்டே ஏறினேன்.