சால்வடோரில் ஒற்றை அம்பு வேடனின் வியாழக்கிழமை

பிரேசிலின் சால்வடோருக்கு ஒஷோசியைத் தேடிப் போகிறவர்கள், டிக்கெட் எடுப்பதற்கு முன் ஈஸ்டர் எப்போது என்று பாருங்கள். காட்டு வேடர் தெய்வமான ஒஷோசிக்கு உகந்த நாள் வியாழன். சால்வடோர் இருக்கும் பாகியா மாநிலத்தில், ஆப்பிரிக்க வேர் கொண்ட கந்தோம்பிளே சமயத்தின் பழைய கோயில்களில் அவருடைய பெருவிழா, கத்தோலிக்கர்களின் திருவுடல் பெருவிழாவான வியாழக்கிழமையோடு சேர்ந்து வரும். ஈஸ்டரிலிருந்து 60ஆம் நாள்: 2026இல் ஜூன் 4, 2027இல் மே 27. ரியோவில் இவரைப் புனித செபஸ்தியாரோடு சேர்த்து ஜனவரி 20 அன்று கொண்டாடுகிறார்கள். பாகியாவில் இவருக்கு இணை புனித ஜார்ஜியார். இரண்டையும் குழப்பிக்கொண்டால் பயணமே வீண்.

போக வேண்டிய இடம் வாஸ்கோ ட காமா அவென்யூவை ஒட்டிய மேட்டில் உள்ள காசா பிராங்கா. கந்தோம்பிளே கோயில் வளாகத்தைத் தெரெய்ரோ என்பார்கள். அவற்றில் பிரேசில் அரசு முதன்முதலில், 1984இல், பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது இதைத்தான். கோயில் இடித் தெய்வமான ஷாங்கோவுடையது, மண் ஒஷோசியுடையது என்பது அந்த வீட்டு வழக்கம். காட்டுத் தெய்வத்துக்கு மரம் வேண்டும். சுற்றிலும் கட்டடம் நெருக்கும் ஊரில் இந்த மேட்டுச் சரிவின் பச்சையைக் காப்பதும் வழிபாட்டில் சேர்த்தி.

மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய பெனினில் உள்ள கேத்து ஒஷோசி அரசாண்டதாகச் சொல்லப்படும் ஊர். அண்டை அரசான தஹோமியின் படைகள் அதைத் தாக்கி மக்களை அடிமைகளாக விற்றன. அவரை வணங்கியவர்கள் கப்பலேற்றப்பட்டதால், பிறந்த மண்ணில் தேய்ந்த வழிபாடு பாகியாவிலும் கியூபாவிலும் தழைத்தது.

அவரைப் பற்றிய கதை ஒன்று உண்டு: இன்றைய நைஜீரியாவில் உள்ள இஃபே நகரின் கிழங்குத் திருவிழாவில் சூனியக்காரிகள் ஏவிய ராட்சதப் பறவை அரண்மனைக் கூரையில் வந்து உட்கார்ந்தது. இருபது, நாற்பது, ஐம்பது அம்புகள் வைத்திருந்த வேடர்கள் தோற்றார்கள். ஒரே அம்பு வைத்திருந்த ஒஷோசி வீழ்த்தினார். நடனத்தைப் பார்க்கும்போது இந்தக் கதை நினைவில் இருக்கட்டும். ஒஷோசியின் தாளம் அகெரே. மேளங்களை அகிதாவி என்ற மெல்லிய குச்சிகளால் அடிப்பார்கள். கையில் ஒஃபா, அதாவது வில்லும் அம்பும் ஒன்றாய் வார்த்த உலோகக் கருவி. இரை தேடிப் பதுங்குவதும் குறி பார்ப்பதும் அடவுகளாகவே வரும். அவர் இறங்கியதும் எல்லாரும் எழுந்து 'ஓக்கே அரோ!' என்பார்கள். நீங்களும் எழுந்து நில்லுங்கள்.

நுழைவு இலவசம். கட்டணம் வாங்கி 'கந்தோம்பிளே காட்சி' என்று கூட்டிப்போகிறவர்களை நம்ப வேண்டாம். வெள்ளை அல்லது வெளிர் நிற உடை. கறுப்பு கூடாது, அரைக்கால்சட்டையும் கூடாது. ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பக்கம் அமர வேண்டும். புகைப்படம் எடுப்பதுதான் வெளியூர்க்காரர்கள் அதிகம் செய்யும் தவறு. கைப்பேசியை அணைத்துப் பைக்குள் வைத்துவிடுங்கள். சாமி வந்தவரை நீங்களாகத் தொடாதீர்கள். விழா பல மணி நேரம் நீளும், திரும்பும் வண்டிக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

அவருடைய படையல் அஷோஷோ. எட்டு மணி நேரம் ஊறிய அரைக்கிலோ சோளத்தை உப்பில்லாமல் வேகவைக்க வேண்டும். நகத்தால் அழுத்தினால் நசுங்கணும், ஆனால் தோல் வெடித்துக் கஞ்சியாகக் கூடாது. நீரை வடித்து முழுக்க ஆறவிட்டு, மண்சட்டியில் கொட்டி, ஒரு மூடித் தேங்காயை நீளக் கீற்றுகளாக நறுக்கி மேலே செருகுவார்கள். சூடு ஆறாமல் செருகினால் தேங்காய் சீக்கிரம் ஊசிப்போகும். தேன் சேர்க்கவே கூடாது. ஒஷோசிக்கு அது விலக்கு.

சந்தையில் மணிமாலை வாங்குவதானால், பாகியாவின் கேத்து மரபில் ஒஷோசிக்கு வெளிர்நீலம். பச்சை, உம்பாண்டா என்ற வேறொரு பிரேசில் சமயத்தில் அவருக்குரிய நிறம். கடையில் வாங்கியது வெறும் அணிகலன்தான். தெரெய்ரோவில் இலைச்சாற்றில் கழுவித் தந்தால்தான் அது தெய்வத்தின் மாலை.