வட்டார அறநிதி ஒன்றின் பகிர்வுக் குழுவில் ஒரு சுற்று

வட்டார அறநிதி ஒன்றின் நிதிப் பகிர்வுக் குழுவில் தன்னார்வலராக, விண்ணப்பம் கோருவது முதல் அறங்காவலர்களின் ஒப்புதல் வரை ஒரு முழுச் சுற்று இருந்து முடித்திருக்கிறேன். இந்த அறநிதி தானாக எந்தச் சேவையும் நடத்துவதில்லை. முதியோர் பராமரிப்பு, உளநல ஆலோசனை, வீடற்றோருக்குத் தங்குமிடம் போன்ற பணிகளைச் செய்யும் சிறிய அமைப்புகளுக்கு ஆண்டுதோறும் பணம் தருகிறது. சில பணியிடங்களில் மாதச் சம்பளப் பிடித்தமாகத் தொடங்கிய வசூல், இன்று நிறுவன நன்கொடைகள், உயில் வழி வரும் சொத்துகள் என விரிந்துவிட்டது. இந்த வளர்ச்சி ஆண்டறிக்கையில் தெரிவதற்கும் பகிர்வு மேசையில் தெரிவதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

இப்படிப் பொதுவில் திரட்டிப் பகிரும் ஏற்பாடு பழையதுதான். 1887-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் பிரான்சிஸ் வைஸ்பார்ட் ஜேக்கப்ஸ் என்ற பெண்மணியும் சமயத் தலைவர்கள் சிலரும் சேர்ந்து, பல தொண்டு அமைப்புகளுக்கும் பொதுவாக ஒரே வசூல் என்ற முறையைத் தொடங்கினார்கள். இன்று பல நாடுகளில் இப்படி நிதி திரட்டிப் பகிரும் யுனைடெட் வே அமைப்பு தன் தொடக்கத்தை அங்கிருந்தே கணக்கிடுகிறது. 1913-இல் கிளீவ்லாந்து நகரிலும் இப்படியொரு கூட்டமைப்பு உருவானது. கொடுப்பவர் எந்த அமைப்புக்கு என்று சொல்லாமல் பொதுவில் கொடுக்க வேண்டும், எங்கே தேவை மிகுதி என்பதை ஊரறிந்த சிலர் கூடி முடிவு செய்ய வேண்டும் என்பதே இம்முறையின் உயிர்நாடி.

விண்ணப்பங்களோடு தணிக்கை செய்யப்பட்ட கணக்கு, நிர்வாகக் குழுவினர் பட்டியல், நடப்பாண்டு வரவு செலவுத் திட்டம் ஆகியவை வந்தன. விண்ணப்பித்த அமைப்புகளோடு நமக்கோ குடும்பத்தாருக்கோ தொடர்பிருந்தால் முதலிலேயே எழுதிக் கொடுத்து, அந்த விவாதத்தின்போது எழுந்து வெளியே சென்றுவிட வேண்டும். கணக்குகளைப் படிப்பதில்தான் பெரும்பொழுது போயிற்று. ஓர் அமைப்பின் வங்கி இருப்பு பெரிதாகத் தெரியும். இவர்களுக்கு ஏன் மானியம் என்ற கேள்வி உடனே எழும். ஆனால் அறிக்கையின் கடைசிப் பக்கக் குறிப்புகளைப் பார்த்தால், அந்த இருப்பில் பெரும்பகுதி கட்டடத்துக்கென்றோ குறிப்பிட்ட ஒரு திட்டத்துக்கென்றோ நன்கொடையாளர் கட்டிப்போட்ட பணமாக இருக்கும். ஊழியர் சம்பளத்துக்கு அதிலிருந்து ஒரு காசு எடுக்க முடியாது.

கள ஆய்வில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். சிறுநீரகச் சுத்திகரிப்புக்கு (டயாலிசிஸ்) செல்லும் முதியோரை வண்டியில் கூட்டிச் சென்று திரும்ப வீட்டில் விடும் அமைப்பு அது. ஒரு பயணத்துக்கான செலவு மற்ற அமைப்புகளைவிட மிக அதிகம் என்று மதிப்பெண் தாளில் அது கீழே கிடந்தது. ஓட்டுநரின் பதிவேட்டைக் கேட்டு வாங்கினோம். புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம் ஆகிய கட்டங்களுக்கு அப்பால், ஓரத்தில் அவரே கோடு போட்டு ‘காத்திருப்பு’ என்று ஒரு கட்டம் சேர்த்திருந்தார். சிகிச்சை ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் நீளும். முடிந்ததும் இரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றும் சிலரை உடனே கிளப்பவும் முடியாது. எங்கள் படிவம் பயணங்களை எண்ணியதே தவிர, அந்தக் காத்திருப்பை எங்குமே கேட்கவில்லை. படிவம் எதைக் கேட்கிறதோ அதுதான் சேவை என்று ஆகிவிடுவது பெரிய அறநிதிகளைப் பிடிக்கும் நோய் என்பது என் கருத்து.

ஒதுக்கீட்டுக் கூட்டத்தில்தான் வளர்ச்சியின் மறுபக்கம் தெரிந்தது. மொத்த வசூல் ஏறியிருந்தது. ஆனால் எங்கள் முடிவுக்கு விடப்பட்ட பொது நிதி அந்த அளவுக்கு ஏறவில்லை. புதிதாக வந்த பெருந்தொகைகள் குழந்தைகளின் படிப்புக்கு, இன்ன பகுதிக்கு என்ற குறிப்போடு வந்தவை. அவற்றைக் குறை சொல்வதற்கில்லை. தம் பணம் எங்கே போகிறது என்று அறிய விரும்புவது கொடுப்பவரின் உரிமை. ஆயினும் புகைப்படத்துக்கு ஏற்ற சேவைகளுக்கு இப்படி வழி திறக்க, சிகிச்சை முடியும் வரை காத்து நிற்கும் வண்டி, குடிநோயாளிகளுக்கான ஆலோசனை மையம், கணக்கெழுதும் ஊழியரின் சம்பளம் ஆகிய எல்லாம் சுருங்கிய பொதுப் பங்கையே நம்பி நிற்கின்றன.

விவாதம் நீண்டது, சில இடங்களில் சூடாகவும் இருந்தது. எல்லோருக்கும் கொஞ்சம் என்று பிரித்துவிட்டால் மனக்கசப்பு இராது என்றார் ஓர் உறுப்பினர்; யாருக்கும் போதாத தொகையை எல்லோருக்கும் கொடுப்பதால் ஒரு பணியாளரைக்கூட நிலையாக வைத்துக்கொள்ள முடியாது என்று நான் எதிர்த்தேன். முடிவில் சில அமைப்புகளுக்கு மூன்றாண்டுத் தொடர் மானியமும், இம்முறை விடுபட்ட பழைய அமைப்புகளுக்கு ஓராண்டு இடைக்கால உதவியும் பரிந்துரைத்தோம். வண்டி அமைப்பு தொடர் மானியப் பட்டியலில் இடம் பெற்றது.

அறங்காவலர்கள் பரிந்துரையைச் சிறு திருத்தங்களோடு ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த சுற்றின் படிவத்தில் காத்திருப்பு நேரத்துக்கு ஒரு கட்டம் சேர்க்கவும் இசைந்தார்கள். குறிப்போடு வரும் பெரிய நன்கொடைகளில் ஒரு சிறு விழுக்காட்டைக் கொடுப்பவரின் சம்மதத்தோடு பொது நிதிக்குக் கேட்டுப் பெறலாம் என்ற எங்கள் யோசனை மட்டும், நன்கொடையாளர் விலகிவிடுவார்களோ என்ற தயக்கத்தால், முடிவு எடுக்கப்படாமல் நிலுவையில் இருக்கிறது.