எட்டு ஆண்டு அனுபவம் பூஜ்யமாகப் பதிவான கதை

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் எட்டு ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு, குடும்பக் காரணங்களுக்காகச் சென்னைக்கு மாற வேண்டியிருந்ததால், இணையம் வழியாக வேலை தேடத் தொடங்கினேன். மூன்று மாதங்களில் 74 விண்ணப்பங்கள் போட்டும் ஓர் அழைப்புகூட வரவில்லை. வேலைச் சந்தை மந்தமாக இருக்கிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

இணையத்தில் பதிவு செய்த எவரும் நேரில் வரலாம் என்று அம்பத்தூர் நிறுவனம் ஒன்று அறிவித்திருந்தது. நானும் பதிவு செய்துவிட்டு, சேரன் எக்ஸ்பிரஸில் இரவு முழுவதும் பயணம் செய்து காலை ஒன்பது மணிக்கே அங்கே போய் நின்றேன். வரவேற்பில் இருந்த பெண் தன் கையிலிருந்த அச்சுத்தாளைப் பார்த்துவிட்டு, "சார், இது ஃப்ரெஷருக்கான போஸ்டிங் இல்லையே" என்றார். எட்டு ஆண்டு அனுபவம் இருக்கிறது என்று சொன்னதும் அந்தத் தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பெயர் என்ற இடத்தில், ரெஸ்யூமின் தலைப்பான 'கரிகுலம் விட்டே' என்று இருந்தது. கைபேசி எண்ணுக்கான கட்டம் காலியாகக் கிடந்தது. மொத்த அனுபவம் என்ற இடத்தில் பூஜ்யம். நான் கொண்டுபோன ரெஸ்யூமின் வண்ணப் பிரதியை நீட்டியபோது, சிஸ்டம் எடுத்துக் கொடுத்த பட்டியல் ஏற்கெனவே மேலாளரிடம் போய்விட்டது, இனி எதையும் சேர்க்க முடியாது என்று கூறிவிட்டார். இரண்டு மணி நேரம் காத்திருந்து பார்த்தும் பயனில்லாமல் ஊர் திரும்பினேன்.

அந்த வண்ணப் பிரதி 3,500 ரூபாய் கொடுத்து ஒரு வடிவமைப்பாளரிடம் செய்து வாங்கியது. மேலே நீலப் பட்டையில் பெயரும் எண்ணும், வட்டத்துக்குள் புகைப்படம், இடப்பக்கம் திறன்கள், வலப்பக்கம் பணி விவரம், டேலி என்ற கணக்கு மென்பொருளுக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம் என்று பார்வைக்கு மிக அழகாகவே இருந்தது.

ஆள் சேர்ப்புத் துறையில் இருக்கும் என் சித்தப்பா மகனிடம் நடந்ததைச் சொன்னேன். "அண்ணா, அந்தப் பிடிஎஃப்பைத் திறந்து மொத்தத்தையும் காப்பி பண்ணி நோட்பேடுல போட்டுப் பாருங்க" என்றான். செய்து பார்த்தபோது பெயரும் எண்ணும் வரவே இல்லை, ஏனென்றால் வடிவமைத்தவர் அந்த நீலப் பட்டையைப் படமாகவே வைத்திருந்தார். அடுத்து இருந்தது இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் ஒன்றாக ஒட்டிய 'டேலி பிரைம் ஜூன் 2016 எக்ஸெல் அக்கவுன்டன்ட் ஆங்கிலம்' என்ற குழப்பம். நட்சத்திரங்களின் இடத்தில் சிறு கட்டங்கள் மட்டுமே இருந்தன. விண்ணப்பங்களை முதலில் பிரித்தெடுக்கும் மென்பொருளுக்கும் ஏறக்குறைய இப்படித்தான் தெரியும் என்றான். இரண்டு நிமிடம் ஆகும் இந்தச் சோதனையைச் செய்யாமல் எவரும் ஒரு விண்ணப்பம்கூட அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்றிரவே எல்லாவற்றையும் இடம் வலம் என்று பிரிக்காமல் ஒரே நெடுவரிசையில், அட்டவணையோ படமோ இல்லாமல், சாதாரண வேர்டு கோப்பில் மீண்டும் எழுதினேன். '06/16' என்றிருந்த தேதிகளை மாதத்தின் பெயரும் ஆண்டுமாக மாற்றினேன். தந்தை பெயர், மதம், திருமண நிலை, கடைசியில் வரும் உறுதிமொழி ஆகியவற்றை எடுத்ததும் கால் பக்கம் மிச்சமானது. உறுதிமொழியை நீக்க முதலில் தயங்கினேன், ஆனால் பிறகு ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை.

படிக்கக்கூடியதாக ஆக்குவதைவிட, படிப்பவர் நின்று பார்க்கும்படி ஆக்குவதுதான் கடினமாக இருந்தது. பழைய ரெஸ்யூமில் 'ஜிஎஸ்டி தொடர்பான அனைத்துப் பணிகளும்' என்று எழுதியிருந்தேன். விளம்பரங்களிலோ 'ஜிஎஸ்டிஆர்-2பி ரெகன்சிலியேஷன்' (சப்ளையர்கள் பதிவேற்றிய பில்களின் பட்டியலோடு நம் பில்களை ஒப்பிடுவது), 'டிடிஎஸ் 26க்யூ' (சம்பளம் அல்லாத தொகைகளில் பிடித்த வரிக்கான அறிக்கை) என்று திட்டவட்டமாகக் கேட்டிருந்தார்கள். நௌக்ரி போன்ற வேலைவாய்ப்புத் தளங்களில் நிறுவனத்தார் இந்தச் சொற்களைப் போட்டுத்தான் ஆள் தேடுகிறார்கள் என்பதால், பல ஆண்டுகளாக அந்த வேலையையே செய்திருந்தும் அந்தச் சொல் இல்லாத காரணத்தால் நான் அவர்கள் கண்ணில் படவே இல்லை.

கணக்குத் துறையினருக்கு இது தெரிந்திருக்கும்: 2022 ஜனவரி முதல் தேதியிலிருந்து, சப்ளையர் பில்லைத் தன் ரிட்டர்னில் காட்டி, அது நம் 2பி-யில் வந்தால்தான் இன்புட் கிரெடிட் (கொள்முதலில் கட்டிய ஜிஎஸ்டியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) எடுக்க முடியும். எங்கள் நிறுவனத்தில் நூல் கடை, சாயப்பட்டறை, பிரின்டிங், அட்டைப்பெட்டி என்று மாதம் 400 பில்களுக்குக் குறையாமல் வரும். ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி 2பி வந்தவுடன் எக்ஸெலில் போட்டு ஒப்பிட்டு, விடுபட்ட பில்களுக்காகச் சாயப்பட்டறைக்காரர்களைத் துரத்தித் துரத்திப் பதிவேற்றச் செய்தது என் வேலை. அதை ஒரே வரியில் எழுதினேன்: 'மாதம் 400 கொள்முதல் பில்களை 2பி-யுடன் ஒப்பிட்டு, ஓர் ஆண்டில் விடுபட்டிருந்த 6.2 லட்சம் ரூபாய் இன்புட் கிரெடிட்டை மீட்டேன்.' நான்கு நட்சத்திரத்தைவிட இந்த ஒரு வரி என்னைப் பற்றி அதிகம் சொன்னது. அந்த 6.2 லட்சத்தை நான் ஊகமாகப் போடவில்லை, பழைய ஒப்பீட்டுக் கோப்புகளை உட்கார்ந்து கூட்டி எடுத்தேன்.

விளம்பரத்தில் இருக்கும் சொற்களை வெள்ளை எழுத்தில் கண்ணுக்குத் தெரியாமல் நிரப்பச் சொல்லி ஒருவர் எனக்கு யோசனை கூறினார். வெறும் எழுத்தாக மாற்றியதும் அது அப்படியே வெளியே தெரியும் என்பதால், யாரும் அதைச் செய்துவிடாதீர்கள். எனக்குப் பழக்கமில்லாத எஸ்ஏபி மென்பொருளைச் சேர்க்கச் சொன்னவரின் பேச்சையும் நான் கேட்கவில்லை. இன்னொன்று, தளத்தில் நிரப்பும் விவரமும் ரெஸ்யூமில் உள்ளதும் மாதம் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். எனக்கு ஒரு மாதம் வேறுபட்டதற்கே ஒரு நிறுவனம் விளக்கம் கேட்டது.

புதிய ரெஸ்யூமை, ஒவ்வொரு விளம்பரத்துக்கும் ஏற்ப முதல் ஐந்து வரிகளை மட்டும் மாற்றி, 11 இடங்களுக்கு அனுப்பினேன். நான்கு அழைப்புகள் வந்தன. கிண்டியில் நடந்த இரண்டாவது நேர்முகத்தில், தேர்வாளர் கையிலிருந்த சிஸ்டம் அச்சுத்தாளில் என் பெயர் சரியாக இருந்தது, மொத்த அனுபவம் 8 ஆண்டு 4 மாதம் என்று இருந்தது. 6.2 லட்சம் என்ற எண்ணின் கீழே பேனாவால் கோடு போட்டிருந்த அவர், "பில் போடாத சப்ளையரை எப்படி வழிக்குக் கொண்டுவந்தீங்க?" என்று கேட்டார். அதைப் பற்றியே இருபது நிமிடம் பேசினோம். அடுத்த வாரம் பணி நியமனக் கடிதம் வந்தது.