துவாய் போர்த்திய ட்ரெட்மில்

வேலை முடிந்து வந்த பிறகுதான் நான் ஓடுவது வழக்கம். ஆண்டின் பெரும்பகுதிக்குக் கொழும்பின் மரைன் டிரைவ் போதும். வெள்ளவத்தையில் தொடங்கிக் கொள்ளுப்பிட்டிப் பக்கமாக ஓடினால் இடப்புறம் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். ஐப்பசியும் கார்த்திகையும் வந்துவிட்டால் கதை வேறு. பகலெல்லாம் எரித்த வெயில், நான் சப்பாத்து நாடா கட்டும் நேரம் பார்த்து இடியும் மழையுமாக மாறிவிடும்.

மிஞ்சுவது எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்து ட்ரெட்மில். எதிரே சுவர். சுவரில் போன வருட நாட்காட்டி ஒன்று, இன்னும் யூன் மாதத்திலேயே நிற்கிறது. முதல் வருடம் திரையிலிருந்த எண்களிடமே தோற்றேன். அரை மணி நேரமாவது ஆகியிருக்கும் என்று நிமிர்ந்தால் ஒன்பது நிமிடம்! ஒருநாள் எரிச்சலில் துவாயைத் தூக்கித் திரையின்மேல் போட்டேன். அன்றைக்குத்தான் முதன்முறையாக ஐந்து கிலோமீற்றரை முடித்தேன்.

இரண்டாவது துணை அக்கா. கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறார். எனக்கு மாலை ஆறு மணி என்றால் மார்கழியில் அவருக்குக் காலை ஏழரை. வெளியே இன்னும் சரியாக விடிந்திருக்காது. நடைபாதை உறைந்து கண்ணாடியாகக் கிடக்கும். ஒருமுறை வழுக்கி விழுந்து மணிக்கட்டைப் பிசகிக்கொண்டதிலிருந்து குளிர்காலம் முழுவதும் அவருடைய ஓட்டம் பேஸ்மென்டில்தான். அழைப்பை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு இருவரும் ஓடுவோம். பேச்சு அதிகம் இருக்காது, காலடிச் சத்தம்தான். என் சத்தம் தளர்ந்தால், "தம்பி, நடக்கிறாய் போலிருக்கிறதே" என்பார். பொய் சொல்ல முடியாது.

ட்ரெட்மில் முதலில் சிறைக்கைதிகளுக்காக வந்தது, 1818இல் இங்கிலாந்தில் வில்லியம் கியூபிட் என்ற பொறியியலாளர் அமைத்தது என்று ஒருநாள் அவருக்குச் சொன்னேன். கைதிகள் படிபடியாக மிதிக்க, சில சிறைகளில் அந்தச் சக்கரம் தானியம் அரைத்தது. "அவர்களுக்கு மாவாவது கிடைத்தது" என்றார் அக்கா.

இந்த இயந்திரத்தில் எனக்குப் பெரிய குறை காற்றுத்தான். வெளியே ஓடும்போது நம் வேகமே நமக்குக் காற்று. வியர்வை உலர்ந்துகொண்டே வரும். இங்கே கால் ஓடுகிறது, உடம்பு நின்ற இடத்திலேயே நிற்கிறது. கொழும்பின் ஈரக்காற்றில் பத்தாவது நிமிடமே தொப்பலாகிவிடுவேன். நேர் எதிரே மின்விசிறி ஒன்றை வைத்த பிறகுதான் இருபது நிமிடம் தாண்டியது. காற்றுத்தடை இல்லாததை ஈடுசெய்யச் சாய்வை ஒரு சதவீதம் உயர்த்தச் சொல்வார்கள். 1996இல் வந்த ஓர் ஆய்வு அதை மணிக்குப் பத்தரை கிலோமீற்றரும் அதற்கு மேலும் ஓடுபவர்களிடம் சோதித்துச் சொன்னது. என் வேகம் எட்டரை. ஆகவே சாய்வைத் தொடுவதில்லை. சோம்பலுக்கு விஞ்ஞானம் துணை நிற்பது அபூர்வம்.

அக்காவுக்கு என் பக்கத்து மழைச் சத்தம் பிடிக்கும். கைத்தொலைபேசியை யன்னலோரம் வைக்கச் சொல்வார். போன வியாழக்கிழமை ஓடிக்கொண்டிருக்கும்போதே மழை விட்டுவிட்டது. யன்னலால் பார்த்தால், குட்டி நாயோடு யாரோ கடற்கரைப் பக்கம் இறங்கிப் போகிறார்கள். மரைன் டிரைவ் கூப்பிட்டது.

"சத்தத்தைக் காணோமே, மழை விட்டுவிட்டதா?" அக்கா மூச்சு வாங்கியபடி கேட்டார். அவருக்கு இன்னும் இரண்டு கிலோமீற்றர் மிச்சம்.

"தூறுகிறது" என்றேன்.